தசைநாண் 'கிரீப்': தொய்வா, ஊர்வா, வேறு சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு,

குதிகால் வலியோடு வருபவர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்குக் 'குதிநாண்' என்று வைத்தாயிற்று. வருபவர்கள் எல்லாரும் 'குதிகால் நரம்பு' என்கிறார்கள். அது நரம்பு இல்லை என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போகிறது. அது இருக்கட்டும். மாட்டிக்கொண்டது அடுத்த பக்கத்தில்.

கெண்டைக்கால் தசை சுருங்கி இழுத்தால் குதிநாண் நீள்கிறது. ஓய்வில் அதன் கொலாஜன் என்ற புரத இழைகள் நெளிநெளியாகக் கிடக்கும். முதல் இழுப்பில் நெளிவு நிமிரும், அப்புறம்தான் இழையே நீளத் தொடங்கும். அதனால் முதலில் எளிதாக நீண்டு, பிறகு விறைத்துக்கொள்ளும். 15 செ.மீ. நாண் 5% நீண்டால் முக்கால் செ.மீ. விட்டதும் திரும்பிவிடும். இப்படி நீள்வதைப் பாடநூல் வழக்கில் 'திரிபு' (strain) என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஒரு அம்மா கேட்டார்: "பால் திரிஞ்ச மாதிரி உள்ளே கெட்டுப்போயிடுமா சார்?"

சரி, அந்த இடத்தில் 'நீட்சி' என்று மாற்றிவிட்டேன். சிக்கல் 'கிரீப்'புக்கு (creep). சுமையைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தாலும் நேரம் போகப்போக நாண் இன்னும் கொஞ்சம் நீள்கிறதே, அது. கயிற்றுக்கட்டில் நினைவுக்கு வந்தது, 'தொய்வு' என்று போட்டேன். கருத்துச் சொல்லுங்கள்.

*

வணக்கம் ஐயா,

தொய்வு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமா. குதிநாணில் தொய்வு என்று எழுதினால் சனம் காலை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடிக்கும். திரிபுக்கு எங்கள் பாடநூல்களில் உள்ள சொல்லையும் கேளுங்கள்: 'விகாரம்'. அது உங்கள் அம்மாவை இன்னும் பயப்படுத்தும்!

'ஊர்வு' என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. பொறியியலுக்குச் சரி. நோயாளிக்குச் சரிவராது. "காலில் ஏதோ ஊருது" என்பது அவர்கள் சொல்லும் நோய்க்குறி. அதையே நாம் பொருளின் இயல்புக்குப் பெயராக வைத்தால் குழப்பம்தான்.

'இளகுநீட்சி' எப்படி?

*

ஐயா, தொய்வுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பது தெரியாது. நல்ல வேளை, அச்சுக்குப் போகவில்லை.

இளகுநீட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை; இளகிய, இளகுகிற, இளகும் என மூன்று காலமும் உள்ளே அடக்கம். காலத்தோடு நடப்பதற்குக் காலம் மறைந்த சொல் பொருந்துகிறது. திரும்பி வரும் உடனடி நீட்சிக்கு 'மீள்நீட்சி' என்று ஜோடி சேர்த்துவிடலாம்.

ஒரே தயக்கம்: 'இளகு' என்றதும் நாண் வலுவிழந்துவிட்டது என்று நினைப்பார்களோ? ஓட்டத்தில் இந்த நாண் தாங்குவது சாதாரணச் சுமை இல்லை. பின்லாந்தின் உயிரியக்கவியல் ஆய்வாளர் பாவோ கோமி நாணைச் சுற்றி உணரி பொருத்தி அளந்ததில் உடல் எடையைப் போல 12.5 மடங்கு வரை விசை வந்தது. இத்தனை இழுப்புக்கும் கொஞ்சம்கூட நீளாமல் நின்றால், ஒவ்வோர் அடியிலும் சேமித்துத் திருப்பித் தரும் ஆற்றல் கிடைக்காது. ஆகவே இளகுநீட்சி வரும் பக்கத்திலேயே 'இது சேதம் அல்ல, சுமை நீங்கி ஓய்வெடுத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். சொல் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

சேமித்த ஆற்றலில் ஒரு பங்கு திரும்பாமல் வெப்பமாகப் போவதற்குக் (hysteresis) காந்தவியலில் ஏற்கெனவே உள்ள 'தயக்கம்' போதும். புதிதாக உருவாக்க வேண்டாம்.

இன்னொன்று மிச்சம். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி இருக்கிறதல்லவா, சுவீடனில் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் நாளுக்கு 180 முறை என்று 12 வாரம் செய்யவைத்தது. அதைச் செய்து முடித்த கையோடு ஸ்கேன் பார்த்தால் நாண் மெலிந்திருக்கும். இழையிடையே உள்ள நீர் பிழிந்து வெளியேறுவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். ஓய்வில் திரும்ப ஊறிவிடும். நனைந்த துணியை முறுக்குகிற அதே கதை. இதற்குப் 'பிழிமெலிவு' என்று போடலாமா? யாழ்ப்பாணத்தில் இதற்கும் ஏதாவது நோய் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.