ஏரியில் ரோந்து போகும் போலீஸ் வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? (டெக்சஸ்)

ரவுண்ட்ராக்_ராஜா:

டெக்சஸில் இருக்கிறவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள். என் அக்கா மகனுக்கு வயது 20, இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கிறான். லேக் டிராவிஸ் ஏரியில் படகில் ரோந்து வருகிற ஷெரீஃப் ஆபீஸ் (கவுண்டி, அதாவது மாவட்டப் போலீஸ்) ஆட்களைப் பார்த்துவிட்டு, அந்த வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அத்தானுக்கு இது ஏரிக்கரை வாட்ச்மேன் வேலையாகத் தெரிகிறது, வீட்டில் தினமும் சண்டை, நடுவில் என்னைத் தூது விட்டிருக்கிறார்கள்.

இவர்கள் நிஜப் போலீஸா, இல்லை பார்க்கில் டிக்கெட் கொடுக்கிற ஆட்கள் மாதிரியா? நேரடியாக இந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா? நீச்சல் தெரிந்தால் போதுமா? அப்புறம் ஒரு உபகேள்வி. கோடையில் நாங்கள் பான்டூன் படகு வாடகைக்கு எடுத்துப் போனபோது ஒரு ரோந்துப் படகு வந்து நிறுத்தி லைஃப் ஜாக்கெட்டை எல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. சும்மா போகிற படகை அப்படி நிறுத்தலாமா?

கான்ரோ_கோபால்:

உபகேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், இந்த வேலையில் பாதி அதுதான். நிறுத்தலாம். ரோட்டில் காரை நிறுத்த ஏதாவது ஒரு காரணம் வேண்டும், தண்ணீரில் வேண்டாம். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் சட்டத் தொகுப்பின் 31ஆம் அத்தியாயம் நீர்ப் பாதுகாப்பு விதிகளைச் சோதிக்க எந்தப் படகையும் நிறுத்தி ஏறிப் பார்க்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. இதை எதிர்த்து ஒருவர் கோர்ட்டுக்குப் போய், 2000இல் மாநிலத்தின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்காக உங்கள் பையைத் திறந்து துழாவலாம் என்று அர்த்தமில்லை, அதற்குத் தனியாகக் காரணம் வேண்டும்.

என்ன பார்ப்பார்கள் என்றால், ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, 26 அடிக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதை மாட்டியிருக்கிறார்களா (மடியில் வைத்திருந்தால் கணக்கில்லை), 16 அடிக்கு மேற்பட்ட படகென்றால் தூக்கி எறிகிற மிதவை ஒன்று இருக்கிறதா, தீயணைப்பான், பதிவு எண், ஓட்டுகிறவர் கில் ஸ்விட்ச் கயிற்றை (அவர் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுகிற கயிறு) மாட்டியிருக்கிறாரா என்பதெல்லாம். கில் ஸ்விட்ச் விதி டெக்சஸில் 2019 செப்டம்பரில் வந்தது, அதற்கு முன்னால் படகிலிருந்து விழுந்தவர்கள் மேலேயே ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து மோதின கதைகள் உண்டு. ஓட்டுகிறவர் 1993 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவராக இருந்து எஞ்சின் 15 குதிரைத்திறனைத் தாண்டினால் போட்டர் எஜுகேஷன் (படகுப் பாதுகாப்புப் படிப்பு) சான்றிதழும் கேட்பார்கள்.

பீர் பாட்டில் திறந்திருந்தால் குற்றமில்லை, ஓட்டுகிறவரே ஒன்று குடிக்கலாம். ஆனால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08ஐத் தொட்டுவிட்டால் கார் ஓட்டின மாதிரியேதான், முதல் தடவைக்கே குறைந்தது 72 மணி நேரச் சிறை, அதிகபட்சம் 180 நாள், 2,000 டாலர் வரை அபராதம். நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது, ஏரிதானே என்று நினைக்கிறார்கள்.

ரிசர்வ்_மாமா:

நான் ஒரு கவுண்டியில் சில வருடம் ரிசர்வ் டெபுடியாக (ஷெரீஃபின் துணைப்படைக் காவலராக) இருந்தேன், படகுப் பிரிவோடும் போயிருக்கிறேன். அத்தானிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இவர்கள் முழு அதிகாரம் உள்ள போலீஸ்காரர்கள். துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் உண்டு. டிராவிஸ் ஏரியில் கவுண்டி ஷெரீஃபின் டெபுடிகள், அணையைப் பராமரிக்கிற எல்.சி.ஆர்.ஏ.வின் ரேஞ்சர்கள், மாநிலத்தின் கேம் வார்டன்கள் (வேட்டை, மீன்பிடிச் சட்டங்களைப் பார்க்கிற அதிகாரிகள்) என்று மூன்று வகை ஆட்களைப் பார்க்கலாம். சீருடைதான் வேறு.

ஆகவே லேக் பேட்ரோல் என்று தனியாக விண்ணப்பம் போடுகிற வழி பெரும்பாலும் கிடையாது. முதலில் டி.கோல் எனப்படும் மாநில ஆணையத்தின் போலீஸ் உரிமம் வேண்டும். வயது 21, இல்லையென்றால் 18 ஆகி கல்லூரியில் 60 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். உங்கள் பையன் இரண்டு வருடப் பட்டத்தை முடித்தாலே அந்தக் கதவு திறந்துவிடும். அகாடமியில் 700 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, பிறகு மாநிலத் தேர்வு, மனநலப் பரிசோதனை, போதை மருந்துச் சோதனை. பின்னணி விசாரணையில் பழைய அறை நண்பன் வரைக்கும் போன் போகும். கிளாஸ் பி குற்றத்தில், அதாவது ஒரு குடிபோதை வழக்கில் தண்டனை ஆனால்கூட பத்து வருடத்துக்கு உரிமம் கிடையாது, 20 வயதுப் பையனிடம் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். குடியுரிமை அவனுக்குப் பிரச்சினையில்லை. கிரீன் கார்டில் இருக்கிறவர்களுக்கு ராணுவத்தில் இருந்தவர்கள் தவிர வழியில்லை.

உரிமம் வாங்கினதும் படகு கிடைக்காது. பல கவுண்டிகளில் முதல் சில வருடம் சிறையில் அல்லது சாலை ரோந்தில், அப்புறம் இடம் காலியானால் படகுப் பிரிவுக்கு மாற்றல் கேட்க வேண்டும். அந்த இடத்துக்குப் போட்டி அதிகம். தண்ணீரில் சட்டத்தை அமல்படுத்த மாநில பார்க்ஸ் துறை தருகிற மரைன் சேஃப்டி அதிகாரி சான்றிதழும் தனியாக வாங்க வேண்டும், போலீஸ் உரிமம் மட்டும் போதாது. நேராகத் தண்ணீருக்குப் போக ஆசையென்றால் கேம் வார்டன் வழி இருக்கிறது. ஹாமில்டன் கவுண்டியில் அவர்களுக்கென்றே அகாடமி, பல மாதம் அங்கேயே தங்கிப் பயிற்சி. ஆனால் மாநிலத்தின் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போடுவார்கள், மான் வேட்டைக்காரர்கள் பின்னாலும் அலைய வேண்டும்.

வேலையில் ரசமான பகுதி ஒன்று சொல்கிறேன். குடித்திருக்கிறாரா என்று ரோட்டில் ஒரே கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் அல்லவா, ஆடுகிற படகில் அது நடக்காது. நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்தவன் கரையில் கால் வைத்தாலும் குடிக்காமலே தள்ளாடுவான். அதனால் உட்கார்ந்தபடியே செய்கிற சோதனைகள் இருக்கின்றன: கண் அசைவு, விரலால் மூக்கைத் தொடுவது, உள்ளங்கையை மாற்றி மாற்றித் தட்டுவது, கை ஒருங்கிணைப்பு. கரைக்குக் கொண்டுவந்து சோதிப்பதானால் கால் நிலைக்கக் கொஞ்ச நேரம் கொடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

ரசமில்லாத பகுதியும் இருக்கிறது. மூழ்கினவர்களைத் தேடுவது. டிராவிஸ் அணைப்பக்கம் மிக ஆழம், அடியில் ஏரி நிரம்புவதற்கு முன்னால் இருந்த பெக்கான் மரங்கள் இன்னும் நிற்கின்றன, சோனார் (ஒலியலை வைத்து அடித்தளத்தைக் காட்டுகிற கருவி) படத்தில் எது கிளை எது ஆள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கரையில் குடும்பம் காத்திருக்கும். படகில் கால் வைக்கும் முன் இதைத் தாங்க முடியுமா என்று பையன் யோசிக்கட்டும்.

கனகா_செயின்ட்லூயிஸ்:

நீச்சல் தெரிந்தால் போதுமா என்று கேட்டீர்கள். எங்கள் மிசௌரியில் நடந்ததைச் சொல்கிறேன். 2011இல் செலவைக் குறைக்க இங்கே தனியாக இருந்த வாட்டர் பேட்ரோலை நெடுஞ்சாலைப் போலீஸோடு சேர்த்துவிட்டார்கள். ரோட்டில் இருந்த ஆட்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் என்கிற ஏரிக்கு அனுப்பினார்கள். 2014 மே மாதம், குடித்துப் படகு ஓட்டினார் என்று 20 வயது கல்லூரி மாணவர் ஒருவரைக் கைது செய்து, கையைப் பின்னால் விலங்கிட்டு, லைஃப் ஜாக்கெட்டை அதற்குமேல் தலைவழியாக மாட்டிக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் அவர் தண்ணீரில் விழுந்தார், ஜாக்கெட் கழன்றுகொண்டது, இறந்துபோனார். அந்தக் காவலர் பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார், குடும்பத்துக்கு அரசு 90 லட்சம் டாலர் கொடுத்தது. அவர் ரோட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். தண்ணீரில் விலங்கிடுவதற்கு முன் எந்த வகை ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்கிற அடிப்படைதான் இல்லை.

அதனால் சேர்கிற துறையில் படகுப் பயிற்சி எத்தனை வாரம், யார் கொடுக்கிறார்கள், சீசனுக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் திரும்ப நடக்கிறதா என்று பையன் நேர்காணலில் கேட்கட்டும். இரண்டு நாளில் சொல்லிக் கொடுப்போம் என்றால் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

ரவுண்ட்ராக்_ராஜா:

எல்லாருக்கும் நன்றி. கனகாக்கா சொன்னதை அக்காவிடம் சொன்னால் காலேஜையே நிறுத்திவிடுவாள், அதை நானும் அவனும் மட்டும் பேசிக்கொள்கிறோம். ரிசர்வ் மாமா, இன்னொன்று கேட்க வேண்டும். குளிர்காலத்தில் ஏரியில் யாருமே இல்லையே, அப்போது இவர்களுக்கு என்ன வேலை? 21 ஆகும் வரைக்கும் அவன் சும்மா இருக்க வேண்டுமா?

ரிசர்வ்_மாமா:

மெமோரியல் டேயிலிருந்து (மே கடைசி) லேபர் டே (செப்டம்பர் தொடக்கம்) வரைக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, ஜூலை 4 வாரம் குடிபோதைச் சோதனையிலேயே போய்விடும். மற்ற மாதங்களில் மரீனாக்களில் எஞ்சின் திருட்டு, பூட்டிக் கிடக்கிற ஏரிக்கரை வீடுகளில் திருட்டு, கரையோரப் பூங்காக்கள். தண்ணீர் இறங்கினால் முன்பு மூழ்கியிருந்த பாறையும் மேடும் மேலே வந்துவிடும், அந்த இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். 2020 செப்டம்பரில் டிராவிஸில் அரசியல் ஊர்வலத்துக்குப் படகுகள் கூட்டமாகப் புறப்பட்டதில் அலை எழும்பிப் பல படகுகள் மூழ்கின, அந்த மாதிரி ஒரு நாள் வந்தால் இருக்கிற எல்லாரையும் இழுத்துவிடுவார்கள்.

சும்மா இருக்க வேண்டாம். கோஸ்ட் கார்ட் ஆக்ஸிலியரி என்று தன்னார்வலர் அமைப்பு இருக்கிறது, 17 வயதான குடிமக்கள் சேரலாம். கைது அதிகாரம் கிடையாது, ஆனால் படகுச் சோதனை, ஓட்டும் முறை, ரேடியோவில் பேசுவது எல்லாம் அங்கே பழகிவிடலாம். போட்டர் எஜுகேஷன் சான்றிதழை இப்போதே ஆன்லைனில் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஷெரீஃப் ஆபீஸில் ரைடு அலாங் (ரோந்தில் கூடவே போய்ப் பார்ப்பது) கேட்கட்டும், முதல் தடவை காரில்தான் கூட்டிப்போவார்கள், அதற்கே முகம் சுளித்தானென்றால் அத்தான் கவலைப்பட வேண்டியதில்லை.