சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: 67 வயது அம்மாவைத் தனியாக அனுப்பலாமா?

ஈசூன்வாசி:
அக்காவுக்கு ஜூன் கடைசியில் பிரசவம். அம்மா சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்குத் தனியாகப் போகிறார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். தூரம் 15,350 கி.மீ. என்று பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே வரும்? 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவோ டிக்கெட்டில் இரவு 11.50 புறப்பாடு, காலை 6.30 வருகை என்பதைப் பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரம்தானே" என்கிறார். நேர் விமானமா, பிராங்பர்ட் வழியா, எது நல்லது?

பாசிர்ரிஸ்:
டிக்கெட்டில் இருப்பது விமானம் இங்கே வாசலை விட்டுக் கிளம்பியதிலிருந்து அங்கே வாசலில் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

தெம்பனீஸ் அக்கா:
தம்பி, போன வருடம் மே மாதம் என் அம்மாவோடு இதே விமானத்தில் போனேன். 15,350 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். வீட்டில் உருண்டை இருந்தால் இழுத்துப் பாருங்கள், நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். விமானம் அன்றன்றைய காற்றைப் பார்த்து வழி எடுக்கும். எங்களுடையது ஜப்பானைத் தாண்டி பசிபிக் மேல் போனது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது, அது பின்னாலிருந்து தள்ளினால் சுற்றிப் போனாலும் லாபம்தான். திரையில் வேகம் 1,050ஐத் தாண்டியபோது அம்மா என் கையைத் தட்டிக் காட்டினார்.

ஆறரை மணி நேரக் குழப்பத்துக்கு இப்படிச் சொல்லுங்கள்: கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். சாங்கியில் இரவு 11.50 என்றால் அங்கே அன்று பகல் 11.50தான். அங்கிருந்து எண்ணினால் 18 மணி 40 நிமிடம் வரும். என் அம்மா கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை, முள் அப்படியே பொருந்தியது. ஆனால் மாத்திரையில் கவனம் வேண்டும். காலை எட்டு மணி மாத்திரைக்கு அங்கே இரவு எட்டாகிவிடும். நான் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இரண்டு ஊர் நேரத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்தேன்.

நேர் விமானத்தில் சாதாரண எகானமி கிடையாது. மொத்தமே 161 இருக்கை, அதனால் விலை கூடுதல். பிராங்பர்ட் வழி என்றால் ஏறக்குறைய ஒரு முழு நாள், நடுவில் இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனை. தனியாகப் போகும் அம்மாவுக்கு நான் நேர் விமானத்தைத்தான் சொல்வேன். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி உதவியை இப்போதே கேட்டு வையுங்கள்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி அக்கா. திரும்பி வருவது டிசம்பரில்.

தெம்பனீஸ் அக்கா:
அப்போது 13 மணி நேர வித்தியாசம், தம்பி. அங்கே வெள்ளி இரவு ஏறினால் இங்கே ஞாயிறு விடியற்காலைதான் இறங்குவார். சனிக்கிழமை சாங்கியில் போய் நிற்காதீர்கள்.