நள்ளிரவில் தானாகக் கத்தும் காலிங் பெல்: காரணம் என்ன?

திண்ணைவாசி:
தஞ்சாவூரில் இருபது வருடப் பழைய வீடு. வாசலில் இருந்த 'டிங் டாங்' மணி போன மாதம் அடிப்பதை நிறுத்திவிட்டது. பொத்தானை அழுத்தினால் 'உர்ர்' என்று உறுமும், அவ்வளவுதான். கடையில் கேட்டால், அதெல்லாம் பழைய சரக்கு என்று சொல்லிக் குருவி கத்தும் எலக்ட்ரானிக் மணி ஒன்றைக் கொடுத்தார்கள். அதே இரண்டு ஒயரில் நானே மாட்டினேன்.

பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு பன்னிரண்டு தாண்டினால், யாரும் அழுத்தாமலே 'கீச்' என்று அரைகுறையாக ஒரு சத்தம். சிறிது நேரம் கழித்து மறுபடியும். மூன்று இரவுகளாகக் கதவைத் திறந்து பார்க்கிறேன். தெருநாய் என்னைப் பார்க்கிறது. அம்மா நிலைப்படியில் விபூதி பூசிவிட்டார். கடையில் மாற்றி வாங்கிய இரண்டாவது மணியும் இதையே செய்கிறது.

இன்னொன்று: மாட்டும்போது மெயின் எம்.சி.பி. ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். அப்படியும் விரலில் சுர்ரென்று இழுத்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

மாடித்தோட்டம்:
ஸ்விட்ச் மழையில் நனைகிறதா? எங்கள் வீட்டில் கேட் தூணில் இருந்த பெல் ஸ்விட்சுக்குள் சாரல் இறங்கி, ஐப்பசி முழுவதும் மணி தானாக அடித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே எறும்புக் கூடு வேறு. மூடி போட்ட ஸ்விட்சாக மாற்றிய பிறகு சரியாகிவிட்டது.

திண்ணைவாசி:
இல்லை, ஸ்விட்ச் முகப்புக்கு உள்ளே இருக்கிறது. சொட்டு ஈரம் கிடையாது.

பழைய ஒயர்மேன்:
தம்பி, முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் அவசரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? காலிங் பெல்லை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள். மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிடும். அந்த லைனில் அதே 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்தாலும் போதாது. மெயின் கரண்ட் அதன் வழியாக அப்படியே போகும். இரண்டையும் அணைத்து, பெல் இருக்கும் இடத்திலேயே டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதை முன்னதாக வேறு பிளக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டெஸ்டரை நம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழுத்த இழுப்போடு விட்டதே உங்கள் அம்மா பூசிய விபூதிதான்.

இப்போது குருவி. பெல் ஸ்விட்சில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிகிறதா?

திண்ணைவாசி:
ஆமாம் ஐயா, எரிகிறது. இன்வெர்ட்டரும் இருக்கிறது. நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

பழைய ஒயர்மேன்:
அந்த விளக்குதான் குற்றவாளி. அது ஸ்விட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இருக்கிறது. நீங்கள் அழுத்தாதபோதும் கரண்ட் வரும் பேஸ் ஒயரிலிருந்து அந்த விளக்கு வழியாக, பெல் வழியாக, திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயருக்கு ஒரு துளி கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு மில்லிஆம்பியர் அளவுகூட வராது. பழைய டிங் டாங்குக்கு அது உறைக்காது. அதன் 'காயில்' என்கிற கம்பிச் சுருள், மணியை அடிக்கும் தண்டை இழுக்க இதைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். எலக்ட்ரானிக் மணியில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. கசிவு அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நிறைந்ததும் குருவி ஒரு 'கீச்' போடும். கெப்பாசிட்டர் காலியாகிவிடும், மறுபடியும் சேரும். இரவில் மட்டும் என்றால், பெரும்பாலும் தெருவில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுவதால் இருக்கும். எத்தனை மணி மாற்றி வாங்கினாலும் இதே கதைதான்.

விளக்கில்லாத பெல் ஸ்விட்சை மாட்டுங்கள், நின்றுவிடும். பெல் ஸ்விட்ச் என்றே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்விட்சை மாட்டி, யாராவது போட்டது போட்டபடி விட்டுப் போனால் மணியே எரிந்துவிடும்.

திண்ணைவாசி:
அம்மா விளக்கை எடுக்கக் கூடாது என்கிறார். இருட்டில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளமாம்.

பழைய ஒயர்மேன்:
அப்படியானால் பழைய மணியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? 'உர்ர்' என்றது என்று எழுதியிருக்கிறீர்கள். காயில் எரிந்திருந்தால் அந்தச் சத்தமே வந்திருக்காது. தண்டு எங்கோ சிக்கியிருக்கிறது. மூடியைக் கழற்றித் தூசியைத் துடைத்து, தண்டு ஸ்பிரிங்கில் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

திண்ணைவாசி:
பரணில் கிடந்தது. திறந்தேன். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பல்லி முட்டை இரண்டு, ஓடாகக் காய்ந்து கிடந்தன! பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து மாட்டினேன். டிங், டாங்! சிவப்பு விளக்கும் அப்படியே எரிகிறது. ஐந்து இரவுகளாக நல்ல தூக்கம். குருவிக்குச் செலவழித்த காசுதான் போயிற்று.

கோவைக்காரி:
இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கீழே அடித்தால் மாடியில் கேட்பதில்லை. இதே போல இன்னொரு டிங் டாங்கை அதே ஸ்விட்சில் சேர்க்கலாமா ஐயா?

பழைய ஒயர்மேன்:
சேர்க்கலாம் அம்மா. கீழே இருக்கும் மணியின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு ஒயர் எடுத்து மாடி மணியின் இரண்டு முனைகளில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து வெளியேறும் ஒயரை அடுத்ததற்குள் விட்டு வரிசையாகக் கோத்தால் வோல்டேஜ் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே உறுமும், எதுவும் அடிக்காது. உங்கள் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருந்தால் மேலே எழுதியதை வருகிற எலக்ட்ரீஷியனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.