மனிதத் தோற்றம்: ஒரே சான்றுக்கு இரண்டு விளக்கங்கள் மட்டும்தானா?

கேள்வி

பரிணாமத்தை ஏற்பவர்களும் படைப்புவாதிகளும் மனிதனின் தோற்றம் குறித்து எழுதியவற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். படைப்புவாதிகள் சொல்லும் ஒன்றை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. எலும்புகள் தாமாகப் பேசுவதில்லை, இரு தரப்பினர் கையிலும் இருப்பவை அதே எலும்புகளும் அதே மரபணுக்களுமே, படைத்தவன் ஒருவன் உண்டு என்று தொடங்குபவருக்கு அவை ஒரு கதையைச் சொல்கின்றன, இயற்கையன்றி வேறில்லை என்று தொடங்குபவருக்கு வேறொரு கதையைச் சொல்கின்றன என்பதே அது. இது சரியென்றால் இந்த விவாதத்துக்கு முடிவு என்று ஒன்று வரவே வழியில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மனிதன் முன்னிருந்த உயிரினங்களிலிருந்து படிப்படியாக வந்தானா, தனியே படைக்கப்பட்டானா என்ற ஒரே விஷயத்தில், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு தேடிப் பார்த்த சான்று ஏதேனும் உண்டா? கிடைத்ததைக் கிடைத்த பிறகு தம் கொள்கைக்குள் அடக்கிக்கொள்வது எவருக்கும் எளிது. பின்னர் மோசடி எனத் தெரிந்த பில்ட்டவுன் மண்டையோட்டை நாற்பது ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்த வரலாறு பரிணாமத் தரப்புக்கும் உண்டு. இரு தரப்பினரும் கேலியைத் தவிர்த்து மறுமொழி எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நீங்கள் கேட்பதற்கு மிகப் பொருத்தமான சான்று மனிதனின் இரண்டாம் குரோமோசோம் (குரோமோசோம் என்பது உயிரணுவில் மரபணுக்களைச் சுமக்கும் இழை). மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பது 1956இல்தான் சரியாக எண்ணி முடிக்கப்பட்டது. அதுவரை 48 என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய மூன்றுக்கும் 48 உண்டு. இவை அனைத்துக்கும் மனிதனுக்கும் பொது மூதாதை இருந்தது உண்மையானால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது, ஏனெனில் ஒரு முழுக் குரோமோசோம் இணையைத் தொலைத்துவிட்டு எந்தக் குரங்கினமும் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே, மூதாதையிடம் தனித்தனியே இருந்த இரண்டு குரோமோசோம்கள் மனித வழியில் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும் என்பதைத் தவிரப் பரிணாமத் தரப்புக்கு வேறு நல்ல விடை இல்லை. சாயமேற்றிய குரோமோசோம்களின் பட்டை வரிசைகளை ஒப்பிட்டவர்கள், மனிதனின் இரண்டாம் குரோமோசோம்தான் அப்படி ஒட்டியது என்று 1980களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார்கள்.

இனி, ஒட்டியது என்று சொன்னால் அதற்குத் தடயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமின் முனையிலும் டெலோமியர் என்ற காப்புப் பகுதி உள்ளது. முதுகெலும்புள்ள உயிர்களில் அது டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவதால் அமைந்தது. முனையோடு முனை சேர்ந்திருந்தால், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய அந்தத் தொடர் குரோமோசோமின் நடுப்பகுதியில் வர வேண்டும். அதுவும் ஓரிடம் வரை ஒரு திசையிலும் அவ்விடத்துக்குப் பின் எதிர்த்திசையிலும் செல்ல வேண்டும். அத்துடன், உயிரணு பிரியும்போது பற்றி இழுக்கப்படும் சென்ட்ரோமியர் என்ற பகுதி இரண்டு இடங்களில் இருந்து, அவற்றில் ஒன்று செயலிழந்திருக்க வேண்டும். முதல் தடயம் 1991இல் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. இரண்டாவது தடயமும் இருப்பதை 2005இல் வெளியான அந்தக் குரோமோசோமின் முழு வரிசை காட்டியது. தேடிய இரண்டும் இல்லாமல் போயிருந்தால் பொது மூதாதை என்ற கருத்து பெரிய இக்கட்டில் மாட்டியிருக்கும்.

மறுமொழி 2

நான் படைப்பை நம்புகிறவன். கேள்வி நேர்மையாகக் கேட்கப்பட்டிருப்பதால் நானும் அதே வகையில் சொல்ல முயல்கிறேன். குரோமோசோம்கள் ஒட்டியதை மறுப்பவர்கள் எங்கள் தரப்பில் உண்டு. அந்த இடம் செயல்படும் ஒரு மரபணுவுக்குள் அமைந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒட்டியது உண்மையாகவே இருக்கட்டும். 48 குரோமோசோம்களோடு படைக்கப்பட்ட மனித குலத்துக்குள்ளேயே அது பின்னர் நிகழ்ந்திருக்கலாம் அல்லவா? அது மனிதனுக்குள் நடந்த மாற்றத்தைக் காட்டுமே ஒழிய, மனிதனையும் சிம்பன்சியையும் உறவாக்கிவிடாது.

மரபணு ஒற்றுமையும் அத்தகையதே. ஒரே படைப்பாளி, ஒத்த தேவைகளுக்கு ஒத்த அமைப்புகளைப் பயன்படுத்தியிருப்பதில் வியப்பில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே உள்ளதாக அடிக்கடி சொல்லப்படும் 98.8 விழுக்காடு ஒற்றுமை என்பது, வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒற்றை எழுத்து மாற்றங்களை மட்டும் எண்ணியது. இடையில் சேர்ந்தவற்றையும் விடுபட்டவற்றையும் எண்ணினால் வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடாகிறது என்று 2005இல் வெளியான சிம்பன்சி மரபணுத் தொகுப்பு ஆய்வே சொல்வதைப் பலர் குறிப்பிடுவதே இல்லை. மேலும், மொழி, கணிதம், அறவுணர்வு ஆகியவை குரங்கின் அறிவு சற்றே கூடியதால் வந்தவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸே, மனித மனத்தை அது மட்டும் விளக்கிவிடாது என்று 1869இல் எழுதினார். குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் புகழ்பெற்ற படவரிசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

மறுமொழி 3

4 விழுக்காடு பற்றி நண்பர் சொன்னது சரி. அந்தப் படவரிசையும் தவறான எண்ணத்தைத் தருவதுதான், ஏனெனில் மனிதக் கால்வழி கிளைகள் நிறைந்த புதர், ஒற்றைப் படிக்கட்டு அன்று. மனித குலத்துக்குள்ளேயே குரோமோசோம்கள் ஒட்டியிருக்கலாம் என்பதையும் அந்த ஒரு சான்றை மட்டும் வைத்து மறுக்க முடியாது. ஆனால் 48 என்ற எண்ணும் அதே பட்டை வரிசையும் குரங்குகளோடு உறவே இல்லாத மனிதனுக்கு ஏன் முதலில் அளிக்கப்பட்டன என்பதற்கு விடை இல்லை. வேலை செய்யும் உறுப்புகள் ஒத்திருப்பதற்குப் பொதுவான வடிவமைப்பைக் காரணமாகச் சொல்லலாம். வேலை செய்யாமல் பழுதானவை ஒத்திருப்பதற்கு அதைச் சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி.

பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி சத்தைத் தம் கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. அதன் கடைசிப் படியை முடிக்கும் நொதிக்கான மரபணு மனிதனின் எட்டாம் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் அதன் துண்டுகள் சில தொலைந்தும் மீதி சிதைந்தும் கிடக்கின்றன. கடற்பயணிகள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் பல் ஈறு வீங்கி மடிந்ததற்கு மூலகாரணம் இதுதான். சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகியவற்றிலும் இதே மரபணு பழுதாகவே இருக்கிறது. மனிதனிடம் ஓரிடத்தில் ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது; இம்மூன்றிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. கினிப்பன்றியும் இச்சத்தைச் செய்ய இயலாததே, ஆனால் அதன் மரபணு பெரும்பாலும் வேறு இடங்களில், வேறு வகையில் உடைந்திருக்கிறது. சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் இரண்டு படிகளில் நல்ல வரிகள் ஒத்திருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே சொல் ஒரே இடத்தில் விடுபட்டிருந்தால், இரண்டும் அந்தப் பிழையிருந்த ஒரே மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்டவை என்று முடிவு செய்கிறார்கள். பதிப்பாசிரியரின் இந்த முறையை மரபணுவுக்கு மட்டும் மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வாலஸைப் பற்றி ஒன்று: மனத்தைப் பற்றி அவருக்கு ஐயம் இருந்தது உண்மை. ஆனால் மனிதனின் உடல் முன்னிருந்த விலங்குகளிலிருந்து வந்தது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

மறுமொழி 4

பில்ட்டவுனைக் கேள்வி கேட்டவர் தொட்டதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1912இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பில் மண்டையோடு மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பற்களை அரத்தால் தேய்த்துச் சாயமிட்டிருந்தார்கள். மூளை முதலில் பெருத்தது, மற்றவை பிறகு மாறின என்று அன்றைய அறிஞர் பலர் எதிர்பார்த்தார்கள். மோசடி அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றபடியே செய்யப்பட்டிருந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டாங்கில் 1924இல் கிடைத்த குழந்தை மண்டையோடு நேர்மாறானது: மூளை சிறியது, பற்கள் மனிதனுடையவற்றை ஒத்தவை. அதன் பிறகு கிடைத்தவை எல்லாம் டாங்கோடு ஒத்துப்போயினவே தவிர பில்ட்டவுனோடு ஒத்துப்போகவில்லை. எலும்பு மண்ணிலிருந்து உறிஞ்சும் ஃபுளோரினை அளந்து பார்த்தபோது பில்ட்டவுன் எலும்பு பழையதன்று எனத் தெரிந்தது; 1953இல் மோசடி முழுவதும் அம்பலமானது.

கால வரிசை பற்றிய எதிர்பார்ப்பு அதன் பிறகும் சோதிக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974இல் எலும்புக்கூடாகக் கிடைத்து லூசி என்று பெயரிடப்பட்டவள் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவள். இடுப்பெலும்பும் முழங்கால் மூட்டும் நிமிர்ந்து நடந்தவளுக்கு உரியவை, மூளையோ சிம்பன்சியின் அளவை அதிகம் தாண்டாதது. தான்சானியாவின் லெட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள காலடித் தடங்களில் பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே முன்னோக்கி இருக்கிறது. கிளையைப் பற்றும் குரங்கின் காலில் அது விலகி நிற்கும். பெரிய மூளைக்கு வெகு காலம் முன்பே நடை வந்துவிட்டது.

எலும்புகளை ஒரு பக்கம் குரங்கு, மறுபக்கம் மனிதன் என்று தெளிவாகப் பிரித்துவிடலாம் என்று படைப்புவாத நூல்கள் சொல்கின்றன. ஆனால் ஜாவா தீவில் கிடைத்த மண்டையோட்டையும், கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் 1972இல் கிடைத்த 1470 என்ற எண்ணுள்ள மண்டையோட்டையும் அவர்களுள் சிலர் மனிதன் என்கிறார்கள், சிலர் குரங்கு என்கிறார்கள். கோடு உண்மையில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளாவது உடன்பாடு இருக்க வேண்டும்.

மறுமொழி 5

இங்கே படைப்புவாதம் ஒரே தரப்பாகப் பேசப்படுகிறது. பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்பவர், பூமி பழையது ஆனால் மனிதன் தனிப்படைப்பு என்பவர், பொது மூதாதையை ஏற்றும் சில நுண்ணமைப்புகளுக்கு வடிவமைத்தவர் தேவை என்பவர் எனப் பலர் உளர். கத்தோலிக்கத் திருச்சபை 1950இலேயே மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கு இடமளித்தது. ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை. மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்தை நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் பக்தியுள்ள கிறித்தவர், பொது மூதாதையை ஐயமின்றி ஏற்பவர். நம்பிக்கை உள்ளவர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள் என்பதால், தொடக்க நம்பிக்கை என்ற கண்ணாடிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்ற வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பழுதான மரபணு பற்றிய வாதம் எனக்குப் புதிது. இரண்டாம் மறுமொழி எழுதிய நண்பர் அதற்கு என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 2 எழுதியவர்

நிறைவாகப் படைக்கப்பட்டவை காலப்போக்கில் சீர்கெட்டன என்பதே எங்கள் நம்பிக்கை. அந்த மரபணு எல்லா இனங்களிலும் முதலில் நன்றாக இருந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே கெட்டிருக்கலாம். பயனற்றதாகத் தெரியும் வரிசைக்குப் பயன் பின்னர் கண்டறியப்பட்ட நிகழ்வுகளும் உண்டு.

மறுமொழி 3 எழுதியவர்

தனித்தனியே கெட்டிருந்தால் கினிப்பன்றியில் காண்பதைப் போல ஒவ்வொரு இனத்திலும் வெவ்வேறு வகையான உடைப்பையே நாம் எதிர்பார்க்க வேண்டும். காண்பது அதுவன்று. லெமூர்களும் தேவாங்குகளும் இச்சத்தைத் தாமே செய்துகொள்கின்றன. குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மனிதனும் செய்துகொள்வதில்லை. இந்தப் பிரிவுக் கோடு, வைட்டமினைப் பற்றி எதுவும் அறியாமல் உடலமைப்பை மட்டும் வைத்து விலங்கியலாளர்கள் முன்பே வரைந்திருந்த கிளைப்பிரிவோடு பொருந்துகிறது. அந்த வரிசைக்கு நாளை வேறொரு பயன் கண்டறியப்பட்டாலும், உடைப்பு ஏன் அந்தக் கிளையில் மட்டும், அதே எழுத்தில் விழுந்தது என்பதற்கு நீங்கள் விடை சொல்லியாக வேண்டும்.