பஸ் டிக்கட் மெஷின் விசயம், அடுத்து நடந்தது

போன கிழமை எழுதியிருந்தேனே, அட்டன்ல இருந்து நுவரெலியா போற பஸ்ல அம்மா தலவாக்கலையில ஏறினதுக்கு அட்டன்ல இருந்து ஏறின காசு எடுத்துட்டாங்கன்னு, அதோட அப்டேட் இது.

முதல்ல தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவோட 1955 முறைப்பாட்டு நம்பருக்கு கோல் எடுத்தேன். அது மாகாணம் விட்டு மாகாணம் போற பஸ்ஸுக்குத்தான், நம்ம ரூட் மத்திய மாகாணத்துக்குள்ளயே ஓடுறதால மாகாண போக்குவரத்து அதிகார சபைக்குத்தான் சொல்லணும். அங்க பஸ் நம்பர், திகதி, நேரம், ஏறின இடம் எல்லாம் கேட்டாங்க, டிக்கட்டையும் கேட்டாங்க. அங்கதான் பிரச்சினை, அம்மா அத மழையில நனைஞ்ச பேக்குக்குள்ள வச்சிருந்தாங்க, எழுத்தே தெரியல. அது மையில அடிக்கிறது இல்ல, சூட்டுல கறுக்கிற பேப்பர், ஈரமும் வெயிலும் பட்டா மங்கிரும். அதனால வாங்கின கையோட போன்ல படம் எடுத்து வைங்க, தயவுசெஞ்சு.

நேத்து அதே பஸ்ல நானே போனேன். கண்டக்டர் தம்பிகிட்ட கோபப்படாமதான் கேட்டேன். ஒவ்வொரு செக்சன், அதாவது காசு மாறுற இடம், தாண்டுறப்பவும் மெஷின்ல மாத்தணுமாம் அக்கா, சனம் நெரிசல்ல இடையில வர்ற கொட்டகலையில இருந்தே மாத்த மறந்துட்டா பழைய இடத்துல இருந்தே கணக்கு காட்டும்னு சொன்னாரு. மிச்சக் காச கையில தந்தாரு, அம்மாகிட்ட மன்னிப்பும் கேக்க சொன்னாரு. ஆனா கொழுந்து பறிச்சு வந்த காசுல ஏறுற எத்தனை பேர் டிக்கட்டையே பாக்காம இறங்குறாங்க, அதுதான் எனக்கு மனசு ஆறல. முறைப்பாட்ட வாபஸ் எடுக்கல, பதில் வந்ததும் எழுதுறேன்.