குரோஷா பின்னிக் கொடுக்கப் போன இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தர்மபுரியிலிருந்து:

குரோஷா ஊசியைக் கையில் எடுப்பவர்களுக்கு முதலில் பின்னத் தோன்றுவது பச்சைக் குழந்தைக்கான தொப்பிதான். சின்னது, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், மிச்ச நூலே போதும், போட்டோவிலும் அழகாக இருக்கும். சரி, பின்னியாகிவிட்டது, யாருக்குக் கொடுப்பது? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கொடுக்கப் போன இடத்தில் யாரைப் பார்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். டிசைன் யூடியூபில் கிடைக்கும், இது கிடைக்காது.

என் கதையில் இருந்து தொடங்குகிறேன். நூல் வாங்குவதற்கு முன்னாலேயே அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு வெறுங்கையோடு போனேன். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பின்னலாம் என்று எண்ணம். பொறுப்பில் இருந்த சிஸ்டர் முதலில் நம்பவில்லை. “எல்லாரும் பையைக் கொண்டாந்து வெச்சிட்டுதான் போவாங்க, கேக்க யாரும் வர்றதில்ல” என்றார். அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே பூ வைத்தது, முயல் காது வைத்தது, பட்டன் கண் வைத்தது என்று ஒரு குவியல். எல்லாம் ஆறு மாதக் குழந்தை போடுகிற அளவு.

“இதுல ஒண்ணுகூட இங்க ஆகாதும்மா. பட்டன் வேண்டாம், பூ வேண்டாம், தாடைக்குக் கீழ கட்டுற நாடா வேண்டவே வேண்டாம். ஓட்டை ஓட்டையா வலை மாதிரி பின்னாதீங்க, விரல் மாட்டிக்கும். முக்கியமா உள்பக்கம் நூல் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.”

காலுறையின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழை குழந்தையின் கால் விரலைச் சுற்றி இறுகிவிட்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும் என்று அவர் விளக்கிய பிறகு, நான் எதை முடித்தாலும் முதலில் அதை உள்வெளியாகத் திருப்பி விரலை விட்டுப் பார்க்கிறேன்.

தர்மபுரியில் குளிரா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைந்த குழந்தைக்கு மார்கழி, சித்திரை வித்தியாசம் கிடையாது. உடம்பு வெப்பம் 36.5 டிகிரியிலிருந்து 37.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்ததற்கும், இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருப்பதற்கும் தோலுக்கு அடியில் கொழுப்பு போதாது. மே மாத வெயிலிலும், மேலே மின்விசிறி ஓடினால் குழந்தை சில்லிட்டுப் போகும். உடம்போடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தைக்குத் தலை பெரிசு, அதனால் அந்த வழியாகப் போகிற சூடும் அதிகம். தொப்பி அங்கே அலங்காரம் இல்லை.

கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையை அம்மாவின் மார்போடு தோலுடன் தோல் படும்படி வைத்துத் துணியால் கட்டிவிடுவது. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1978ல் டாக்டர்கள் தொடங்கியது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் பரிந்துரைத்தது. அப்போது குழந்தையின் மேல் இருப்பது டயப்பர், காலுறை, தொப்பி, அவ்வளவுதான். அந்தத் தொப்பிதான் சின்ன அளவில் கிடைப்பதில்லை என்றார் சிஸ்டர். அளவு கேட்டதற்கு உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

முழு மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர். 28 வாரத்தில் பிறந்ததற்கு 26 ஒட்டி இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். வருகிற எண்ணை 3.14ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும், அந்த அளவு வந்ததும் பின்னல் கண் கூட்டுவதை நிறுத்திவிடலாம். பெரியதற்கு உச்சி வட்டம் பத்தரை சென்டிமீட்டர், சின்னதற்கு ஏழரை. பிறகு கூட்டாமல் நேராக இறக்க வேண்டியதுதான். 4 பிளை என்கிற மெல்லிய நூல், மூன்றரை மில்லிமீட்டர் ஊசி, ஹாஃப் டபுள் என்கிற பின்னல். டேப் இல்லையா? சின்னத் தொப்பியைச் சாத்துக்குடிக்கும் பெரிய தொப்பியை உரித்த தேங்காய்க்கும் மாட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் இப்போது எல்லாமே தொப்பி போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கொடுக்கப் போன அன்று வார்டுக்கு வெளியே ஒரு பாட்டி. பென்னாகரம் பக்கத்து ஊர். தொப்பியைக் கையில் வாங்கவே இல்லை. “பச்சப் புள்ளைக்குப் புதுசு போடக் கூடாது கண்ணு. பழைய வேட்டித் துணிதான்.” பழைய வேட்டி மெத்தென்று இருக்கும், கஞ்சி இருக்காது, சாயம் போகாது. பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. “இல்ல பாட்டி, இதை ரெண்டு தரம் அலசி வெயில்ல காயப் போட்டுதான் கொண்டுவந்தேன்” என்றேன். வாங்கிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். “அப்படின்னா இது புதுசு இல்லையே” என்று அவரே தீர்ப்புச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம், “இது ஆம்பளப் புள்ளைக்கா, பொம்பளப் புள்ளைக்கா?” என்று கேட்டார்.

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வி லேசானது இல்லை. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் விட்டுச்செல்லத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கி, 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. அந்தத் தொட்டில்களைப் பார்த்து வளர்ந்த வயசு எனக்கு. அதனால் நான் ரோஸ், நீலம் பின்னுவதே இல்லை. மஞ்சள், இளம்பச்சை, வெள்ளை. கறுப்பு கொண்டுபோனால் எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள்.

“எந்தப் புள்ளைக்கும் போடலாம் பாட்டி” என்றேன்.

“மூணாவதும் பொட்டப் புள்ள. மருமகதான் அழுவுறா. நான் அழல. ரெண்டு கிலோகூட இல்ல, அது பொழைக்கட்டும் மொதல்ல” என்றார். காலுறையும் ஒரு ஜோடி கேட்டு வாங்கினார்.

ஓசூரிலிருந்து:

நான் ஆண். சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரம்மா பின்னுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் சிக்பேட்டையில் மொத்தமாக நூல் எடுப்பது எனக்குச் சுலபம். குழந்தைத் தொப்பி அவள் பாகம், மப்ளர் என் பாகம்.

எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தை மாத விடியற்காலையில் பல் கிட்டிக்கும். ஆகவே மப்ளர் கொடுத்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் தெருவில் ராத்திரி வாட்ச்மேனாக இருக்கும் தம்பி நேராகச் சொல்லிவிட்டார்: “சார், நீளமா வேண்டாம். வண்டில போறப்ப பின்சக்கரத்துல மாட்டிக்கும். ஓரத்துல தொங்குற குஞ்சமும் வேண்டாம்.” துப்பட்டா சக்கரத்தில் சிக்கி நடந்த விபத்துகளை நாம் பேப்பரில் படிப்பதுதானே. நிறமும் அவரே சொன்னார். சிவப்பு போட்டால் சூப்பர்வைசர் சத்தம் போடுவாராம், யூனிஃபார்ம் நீலத்துக்கு ஒத்துப்போக வேண்டுமாம்.

ஆக, மப்ளரின் இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கிவிட்டேன். சுற்றளவு 60 சென்டிமீட்டர், உயரம் 25. தலை வழியாகப் போட்டுக்கொள்ளலாம், மூக்கு வரை ஏற்றலாம், பேச வேண்டும் என்றால் இறக்கலாம். ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் இடிக்காது.

துப்புரவு வேலை செய்யும் அக்காக்களிடம் வேறு கதை. விடியும் முன்பே தெருவுக்கு வந்துவிடுவார்கள். குல்லா கொடுத்தால் சிரித்தார்கள். “கொண்டை மேல இது எப்படி ஏறும் அண்ணா?” உண்மைதானே. கொண்டை, அதில் பூ. குல்லாவை வடிவமைத்தவன் யாரும் கொண்டை போட்டதில்லை போல. அவர்களுக்குக் காது மட்டும் மூடுகிற பட்டை. அகலம் பத்து சென்டிமீட்டர், பின்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியது. அதிலும் ஒருவர், பின்னலை நெருக்கமாகப் போடாதீர்கள், பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்றார்.

ரோஜாத் தோட்டத்துக்கும் போனேன். பனியில் நனைந்த செடியில் வேலை செய்கிறார்களே, விரல் வெளியே தெரிகிற கையுறை பின்னித் தரட்டுமா என்று கேட்டேன். அங்கே இருந்த அம்மா தன் சேலைத் தலைப்பைக் காட்டினார். முழுக்க முள் இழுத்த இழைகள். “இதுக்கே இப்படி. கம்பளி நூலுன்னா செடியோடவே போயிடும் சாமி.” காபி கொடுத்து அனுப்பினார்கள். அங்கே பின்னலுக்கு வேலை இல்லை.

அரூரிலிருந்து:

சித்தேரி மலையில் ஒரு ஊருக்குக் குழந்தைப் போர்வை எடுத்துக்கொண்டு போனோம். பருத்தி நூலில் கனமாகப் பின்னியது. ஒரு பெண் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டமாக இருக்கும் நாட்களில் இதைத் துவைத்தால் எப்போது காயும் என்று கேட்டார். சரியான கேள்வி. அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் காயும். ஆனால் அடுப்புப் பக்கம் ஆகாது, நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகு அடுப்புள்ள வீடு என்றால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். எங்களிடம் அங்கே கேட்டது போர்வை அல்ல, தூளிக்குள் முதுகுக்கு அடியில் விரிக்க ஒரு மெல்லிய சதுரம். முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர். மேலே போர்த்தினால் முகத்தில் விழும், அடியில் விரித்தால் பயம் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

கோபப்படாதீர்கள், கேட்டுவிடுகிறேன். நூல் வாங்குகிற காசுக்குக் கடையில் டஜன் கணக்கில் தொப்பி வாங்கலாமே? நம் பொழுதுபோக்குக்கு ஏழைகள் சாக்கா? இன்னொன்று, குறைமாதக் குழந்தைக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுப்பது நல்லது என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அது நிஜமா?

தர்மபுரியிலிருந்து:

கோபம் எதற்கு? கடையில் கிடைக்கிற அளவை நாம் பின்னுவது வீண்தான், அதைக் காசாகக் கொடுத்துவிடலாம். ஒன்றரைக் கிலோ குழந்தையின் தலைக்கான தொப்பி நம் ஊர்க் கடையில் தொங்குவதில்லை. கொண்டைக்கான காதுப் பட்டையும் நான் பார்த்ததில்லை. கடையில் இல்லாததை மட்டும் பின்னினால் உங்கள் கேள்விக்கு வேலையே இல்லை. நமக்கும் பொழுது போகிறது என்பதை மறைப்பானேன்?

ஆக்டோபஸ் 2013ல் டென்மார்க்கில் தொடங்கியது. அதன் கால்களைத் தொப்புள்கொடி என்று நினைத்துக் குழந்தை பிடித்துக்கொள்ளும், டியூபை இழுக்காது என்பது அவர்கள் சொல்வது. பருத்தி நூல் மட்டும், 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், இழுத்துப் பிடித்தாலும் கால் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதிகள் வைத்திருக்கிறார்கள். மருத்துவ ஆதாரம் பலமாக இல்லை. சிஸ்டரிடம் கேட்டேன். “தொற்று பயம்மா, பொம்மையெல்லாம் உள்ள விட மாட்டோம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பாலக்கோட்டிலிருந்து:

நான் வாங்கிக்கொண்ட பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் பையன் 1,400 கிராமில் பிறந்தான். கண்ணாடிப் பெட்டியில் இருந்து எடுத்து நெஞ்சில் கட்டிவிட்ட நாட்களில் யாரோ பின்னிக் கொடுத்த வெள்ளைத் தொப்பிதான் அவன் தலையில். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தொப்பி எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது ஒன்றும் நடந்தது. வேறொரு நாள் ஒரு குழுவினர் வந்து, கையில் பையைக் கொடுத்து, குழந்தையோடு சேர்த்து போட்டோ எடுத்தார்கள். நான் நைட்டியின் முன்பக்கம் திறந்தபடி குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டைத் தேடி மூடிக்கொள்வதற்குள் நாலு படம். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, கொடுக்க வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? தயவுசெய்து பையை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் குழந்தைக்கே பின்னுகிறீர்கள். அந்த வார்டில் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தோளிலிருந்து முன்பக்கம் மூடுகிற ஒரு சால்வை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். புருஷன், மாமனார், பழுது பார்க்கிற எலக்ட்ரீஷியன் வரை வந்து போகிற இடம் அது. நழுவாமல் இருக்க வேண்டும், குழந்தையின் முகம் மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

தர்மபுரியிலிருந்து:

போட்டோ விஷயம் இனி எல்லாருக்கும் விதி. நான் போகிற வார்டுகளில், கூட வருபவர்களைச் செல்போனைப் பைக்குள் போடச் சொல்லிவிடுகிறேன்.

சால்வை யோசனை எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. கழுத்தில் தலை நுழைகிற மாதிரி போன்சோவாகப் போட்டால் நழுவாது, ஆனால் சிஸ்டர் அவசரமாகக் குழந்தையை எடுக்க வேண்டும் என்றால் கஷ்டம். பக்கவாட்டில் திறந்து, தோளில் ஒரே ஒரு அகலப் பட்டன் வைத்தால்? பட்டன் அம்மாவின் முதுகுப் பக்கம் போய்விடும், குழந்தைக்கு எட்டாது. தோளிலிருந்து இடுப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் வந்தால் போதும், உட்கார்ந்திருக்கும்போதா படுத்திருக்கும்போதா அதிகம் தேவைப்பட்டது, கோடையில் பருத்தி தாங்குமா என்று எழுதுங்கள். ஓசூர் அண்ணா, சிக்பேட்டைக்குப் போகும்போது வெளிர் நிறத்தில் பருத்தி நூல் விலை கேட்டு வையுங்கள்.