புதுப்பிப்பு: பழைய காரில் பிரேக் ப்ளீடிங் சிக்கல் தீர்ந்தது
யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மாற்றிய பிறகு, ப்ளீடிங் செய்து பிரேக் லைனில் இருந்து எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்று பாதிவரை இறங்குகிறது என்று கேட்டிருந்தேன்.

பின்பக்க டிரம் ஷூவை (சக்கர டிரம்மின் உள்பக்கம் அழுத்தும் பிரேக் கட்டையை) அட்ஜஸ்ட் செய்யச் சொன்னது பாதி பலித்தது. ஷூ லேசாக உரசும்வரை திருகியதும் பெடல் மேலே வந்துவிட்டது, ஆனால் மெத்தென்ற உணர்வு போகவில்லை. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, வைஸில் மட்டமாகப் பிடித்து, அவுட்லெட் குழாய்களை அதன் ரிசர்வாயருக்குள்ளேயே (ஆயில் டப்பா) விட்டு, பிஸ்டனை மெதுவாகத் தள்ளினேன். கடுகு கடுகாகக் குமிழிகள் வந்தன. அவை நின்றதும் மாட்டி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன். இப்போது பெடல் கெட்டி.

எதிர்பாராதது ஒன்று: முன்பு வாக்குவம் பம்ப்பால் ஆயிலை உறிஞ்சி ஏர் எடுத்தபோது ஓயாமல் வந்த குமிழிகள் லைனில் இருந்த காற்றே அல்ல. நிப்பிள் (சக்கரத்தருகே ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) மரை வழியாக வெளிக்காற்று உள்ளே வந்திருக்கிறது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறக்கும் பழைய முறையில் அந்தத் தொல்லை இல்லை.